காசு கொடுத்து வாங்கியவரின் கோபமும் ஸ்டீம் மதிப்புரையும்: ரிவ்யூ பாம்பிங் நியாயமான எதிர்ப்பா?

பாலாற்றங்கரை (சத்துவாச்சாரி, வேலூர்) | இழையைத் தொடங்கியவர்

நம் வேலூர் ஆட்டக்காரர் குழுவில் சென்ற வாரம் தொடங்கி முடிவுக்கு வராமல் நின்ற விவாதத்தை இங்கே முறையாக எழுதி வைக்க விரும்புகிறேன். ஒரு வீடியோ கேம் மீது கோபம் கொண்ட பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் எதிர்மறை மதிப்புரை எழுதி அதன் மதிப்பெண்ணைச் சரிய வைப்பது, அதாவது நாம் ரிவ்யூ பாம்பிங் என்று சொல்லும் செயல், நுகர்வோரின் நியாயமான எதிர்ப்பா அல்லது கூட்டம் சேர்ந்து செய்யும் அடாவடியா என்பதே கேள்வி. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசு கொடுத்து வாங்கிய ஒருவர், தாம் வாங்கிய பொருளில் நேர்ந்த மாற்றத்தைக் காரணமாக வைத்து, அந்தக் காரணத்தை மதிப்புரையிலும் எழுதி வைப்பாரானால், அது முழுக்க நியாயமானது. எத்தனை லட்சம் பேர் சேர்ந்து செய்தாலும் அந்த நியாயம் குறைவதில்லை.

ஹெல்டைவர்ஸ் 2 கேமை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்வீடனின் ஆரோஹெட் நிறுவனம் உருவாக்கி, சோனி வெளியிட்ட அந்த கேம் 2024 பிப்ரவரியில் வந்தது. கணினியில் ஆடுபவர்கள் சோனியின் இணையச் சேவையான பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கின் கணக்கை இணைக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தபோதிலும், வெளியீட்டு நாட்களில் ஏற்பட்ட சர்வர் நெருக்கடியால் அதைத் தவிர்த்துவிட்டு ஆட வழி விடப்பட்டது. ஏறக்குறைய மூன்று மாதம் அப்படியே போனது. மே 3ஆம் தேதி சோனி, இனி இணைப்பு கட்டாயம் என்றும், ஏற்கெனவே ஆடிக்கொண்டிருப்பவர்களும் ஜூன் தொடக்கத்துக்குள் இணைத்தாக வேண்டும் என்றும் அறிவித்தது. அந்த நெட்வொர்க் சேவையோ 170க்கும் மேற்பட்ட நாடுகளிலும் ஆட்சிப் பகுதிகளிலும் கிடையாது. அங்கெல்லாம், கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் விற்பனையும் நிறுத்தப்பட்டது. அந்த வார இறுதிக்குள் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான எதிர்மறை மதிப்புரைகள் குவிந்தன. மே 6 அன்று சோனி தன் முடிவைக் கைவிட்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, வாங்கியவரிடம் அப்போது மிச்சமிருந்த வழிகள் எவ்வளவு குறைவு என்பதைத்தான். ஸ்டீம் 2015 ஜூன் மாதம் கொண்டுவந்த விதிப்படி, வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். பிப்ரவரியில் வாங்கி மே வரை ஆடியவர் அந்த எல்லையை எப்போதோ கடந்திருப்பார். அவர் கேமைத் திருப்பித் தர முடியாது, வேறொருவருக்கு விற்கவும் முடியாது, ஏனெனில் அவர் கணக்கில் இருப்பது வெறும் உரிமம். வெளியீட்டாளரோ விற்ற பிறகும் நிபந்தனையை மாற்றிக்கொள்ளலாம். இவ்வளவு சமனற்ற ஓர் ஒப்பந்தத்தில், ஸ்டீம் மதிப்புரையில் உள்ள பரிந்துரைக்கிறேன் அல்லது பரிந்துரைக்கவில்லை என்ற அந்த ஒரு தெரிவுதான் வாங்கியவர் கையில் எஞ்சுகிறது. அடுத்து வாங்க வருபவரை எச்சரிப்பதற்காகவே மதிப்புரை இருக்கிறது. அதை ஒருவர் செய்தால் சரி, இரண்டு லட்சம் பேர் செய்தால் தவறு என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் காரணத்தோடு எழுத வேண்டுகிறேன். காட்பாடி அண்ணன் இந்தத் துறையிலேயே இருப்பவர் என்பதால் அவர் கருத்தை மிகவும் எதிர்பார்க்கிறேன்.

---

காட்பாடி ஜங்ஷன் (காட்பாடி)

தம்பி, அழைத்ததற்கு நன்றி. நான் ஒரு சிறிய கேம் நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிறேன். ஆகவே என் பார்வை உருவாக்குபவர் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று யாரேனும் கருதினால் அது இயல்பே. ஹெல்டைவர்ஸ் நிகழ்வு இந்த முறையின் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. சிறந்ததை மட்டும் காட்டி ஒரு முறையை நியாயப்படுத்த முடியாது.

2017 செப்டம்பரில் ஃபயர்வாட்ச் கேமுக்கு என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். புகழ்பெற்ற யூடியூபரான பியூடிபை ஒரு நேரலையில் இனவெறிச் சொல்லைப் பயன்படுத்தினார். ஃபயர்வாட்ச்சை உருவாக்கிய காம்போ சாண்டோ நிறுவனத்தின் இணை நிறுவனர், பியூடிபை தம் கேமை ஆடிக் காட்டிய காணொளியை நீக்கக் கோரப் போவதாக அறிவித்தார். உடனே எதிர்மறை மதிப்புரைகள் குவிந்தன. கேமில் ஒரு வரி மாறவில்லை. வாங்கியவர் எதையும் இழக்கவில்லை. அந்த இணை நிறுவனரின் பேச்சு பிடிக்காததற்காக அவருடைய பொருளைக் குறைத்து மதிப்பிட்டார்கள்.

அதைவிடக் கொடியது 2019இல் டிவோஷன் கேமுக்கு நடந்தது. தைவானின் ரெட் கேண்டில் நிறுவனம் அதை வெளியிட்டபோது மிக உயர்ந்த பாராட்டு கிடைத்தது. சுவரில் ஒட்டிய ஒரு தாளில் சீன அதிபர் ஷி ஜின்பிங்கைக் கேலி செய்யும் வாசகம் இருப்பதைச் சீன ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். நிறுவனம் படத்தை நீக்கி மன்னிப்பும் கேட்டது. ஆனாலும் வெளியாகி ஏறத்தாழ ஒரே வாரத்தில் அந்த கேம் ஸ்டீமிலிருந்து காணாமல் போனது. 2021இல் அவர்கள் தம் சொந்தத் தளத்தில்தான் அதை மீண்டும் விற்க முடிந்தது. அந்த மதிப்புரைகளை எழுதியவர்களிலும் காசு கொடுத்து வாங்கியவர்கள் இருந்தார்கள். அவர்களும் தங்கள் கோபத்தின் காரணத்தை எழுதித்தான் வைத்தார்கள். உங்கள் அளவுகோலில் அவர்களை எங்கே நிறுத்துவீர்கள்?

எண்களையும் பாருங்கள். ஸ்டீமில் சாதகமான மதிப்புரைகள் 70 சதவீதத்துக்குக் கீழே போனால் கேம் "கலவையான" வகைக்கு இறங்கிவிடும். வாங்க வருபவர்களில் பலர் அந்த இடத்திலேயே திரும்பிவிடுவார்கள். 300 மதிப்புரைகளில் 270 சாதகமாக உள்ள ஒரு சிறிய கேமை அந்த நிலைக்குத் தள்ள இன்னும் 90 எதிர்மறைகள் போதும். ஒரு கல்லூரி விடுதியின் ஒரு தளத்தில் இருப்பவர்கள் இதை ஒரு மாலையில் செய்து முடிக்கலாம். சோனியைப் பணிய வைக்க இரண்டு லட்சம் பேர் தேவைப்பட்ட அதே கருவி, எங்களைப் போன்றவர்களை அழிக்கத் தொண்ணூறு பேருக்குக் கட்டுப்படுகிறது.

மேலும், அடி யார் மீது விழுகிறது? ஆம்பூரில் வெளிநாட்டுப் பிராண்டுக்கு ஜாப் ஒர்க் எடுத்து ஷூவின் மேல்பாகத்தைத் தைத்துக் கொடுப்பவருக்கு, அந்தப் பிராண்டு தன் கடையில் செய்த முடிவுக்காக ஆர்டர் நின்றுபோவதைப் போன்றது இது. கணக்கைக் கட்டாயமாக்கியது சோனி. மதிப்பெண் விழுந்தது ஆரோஹெட்டின் உழைப்பின் மீது. எதிர்மறை மதிப்புரை எழுதும்படி ஆட்டக்காரர்களை ஊக்குவித்த அவர்களுடைய சமூக மேலாளர் ஒருவர் வேலையையும் இழந்தார்.

---

பனைநிழல் (யாழ்ப்பாணம், முன்பு வேலூர்)

வணக்கம். வேலூரில் படித்த காலத்தில் இந்தக் குழுவில் சேர்ந்தேன். இப்போது ஊர் திரும்பிவிட்டேன்.

இந்தியா பிளேஸ்டேஷன் நெட்வொர்க் உள்ள நாடு, இலங்கை அப்படியல்ல. ஆகவே 2024 மே மாதத்து அறிவிப்பு வேலூரில் இருப்பவருக்கு இன்னுமொரு மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கொடுக்கும் சலிப்பு மட்டுமே. எங்கள் நாட்டில் அதே கேமை வாங்கியவருக்கு அது கேமையே இழப்பது. வேறு நாட்டைச் சொல்லிக் கணக்குத் திறக்கலாமே என்று பலர் இலகுவாக அறிவுரை சொன்னார்கள். பிழையான நாட்டைக் கொடுத்துக் கணக்குத் திறப்பது சோனியின் விதிகளுக்கே முரண். பின்னொரு நாள் அந்தக் கணக்கு முடக்கப்பட்டால் முறையிடவும் இடமில்லை.

காட்பாடி அண்ணா சொல்லும் சிறு நிறுவனங்களின் வலி எனக்கு விளங்குகிறது. ஆனால் எங்களைப் போன்ற நாட்டில் இருப்பவருக்குச் சோனியின் அலுவலகமும் இல்லை, உதவி எண்ணும் இல்லை. அந்த வார இறுதியில் எங்கள் குரல் எங்கேனும் எண்ணப்பட்டது என்றால் அது அந்த மதிப்புரைப் பக்கத்தில் மட்டும்தான்.

---

கோட்டை மைதானம் (வேலூர்)

நான் வழக்கறிஞர். வேறு வழியே இல்லை என்று இழையைத் தொடங்கியவர் எழுதியது சட்டப்படி சரியன்று என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, அடுத்த ஆண்டு ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. முன்பு எதிர்த்தரப்பு இருக்கும் இடத்திலோ, பிரச்சினை எழுந்த இடத்திலோதான் புகார் கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான மதிப்புக்குக் கட்டணம் இல்லை. இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். ஆகவே கேம் வாங்கிய சத்துவாச்சாரி இளைஞர் வேலூர் மாவட்ட ஆணையத்தை அணுகத் தடையில்லை. ஆனால் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். "நியாயமற்ற ஒப்பந்தம்" என்று ஒப்பந்த நிபந்தனையையே எதிர்க்கும் புகாரை மாவட்ட ஆணையம் விசாரிக்க முடியாது. அது மாநில ஆணையத்துக்கோ தேசிய ஆணையத்துக்கோ போக வேண்டும். விற்ற பிறகு நிபந்தனையை மாற்றுவது பெரும்பாலும் அந்த வகைக்குள்தான் வரும்.

கூட்டு முறையீட்டின் வலிமைக்கு நம் ஊரே சான்று. தோல் தொழிற்சாலைக் கழிவுகள் பாலாற்றில் கலப்பதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்தது. 1996 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் உறுதியாக நிலைநாட்டியது. இன்றும் சட்டக் கல்லூரிகளில் அது பாடமாக இருக்கிறது. ஆய்வறிக்கைகளும் ஆவணங்களும் அந்த வெற்றிக்கு அடித்தளமாக இருந்தன. குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பதில் சொல்ல வாய்ப்பும் தரப்பட்டது. ரிவ்யூ பாம்பிங்கில் எனக்குள்ள முதன்மையான தயக்கம் இந்த இடத்தில்தான் எழுகிறது. அதில் தண்டனை முதலில் வருகிறது, விசாரணை பின்னால் வருகிறது. பல நேரங்களில் வருவதே இல்லை.

---

ஆம்பூரான் (ஆம்பூர்)

வழக்கறிஞர் அம்மாவின் விளக்கத்துக்கு மிக்க நன்றி. இருப்பினும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 1991இல் கொடுத்த மனுவுக்கு 1996இல் தீர்ப்பு. ஆறு என்றால் ஐந்து ஆண்டு போராடலாம், போராடவும் வேண்டும். சில ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய கேமுக்காக வழக்கறிஞரை வைத்துச் சென்னையிலுள்ள மாநில ஆணையத்துக்கு யார் போவார்கள்? அப்படிப் போக மாட்டார்கள் என்ற துணிவில்தான் நிறுவனங்கள் நிபந்தனைகளை மாற்றுகின்றன.

மதிப்பெண் விழுந்தால் மட்டுமே பெரிய நிறுவனங்கள் கேட்கின்றன என்பதற்கு ஹெல்டைவர்ஸ் ஒன்று மட்டும் சான்று அன்று. 2008இல் ஸ்போர் கேமை மூன்று கணினிகளில் மட்டுமே நிறுவ முடியும் என்ற காப்புக் கட்டுப்பாட்டோடு (திருட்டு நகலைத் தடுக்கும் ஏற்பாடு) எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்டது. அமேசானில் ஆயிரக்கணக்கானோர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்தனர்; பின்னர் அந்த வரம்பு ஐந்தாக உயர்த்தப்பட்டது. 2015 ஏப்ரலில் ஸ்கைரிம் கேமுக்கு ரசிகர்கள் உருவாக்கும் மாட்களை, அதாவது கேமில் செய்யும் கூடுதல் மாற்றங்களை, காசுக்கு விற்கும் திட்டத்தை ஸ்டீமை நடத்தும் வால்வும் ஸ்கைரிமை வெளியிட்ட பெதெஸ்டாவும் கொண்டுவந்தன. மாட் உருவாக்கியவருக்குக் கால் பங்குதான் கிடைக்கும். அந்தத் திட்டம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. 2017 ஜூனில் ஜிடிஏ 5 கேமின் ஓப்பன்ஐவி என்ற மாட் கருவியை அந்த கேமின் வெளியீட்டாளரான டேக்-டூ நிறுவனம் வழக்கறிஞர் கடிதம் அனுப்பி நிறுத்தியது. மதிப்புரைகள் சரிந்தன; அதே மாதத்தில் அந்தக் கருவி திரும்பி வந்தது.

இவற்றில் எதிலும் பண்பான கோரிக்கைக் கடிதங்களுக்குக் குறைவில்லை. அந்தக் கடிதங்களோடு மதிப்பெண்ணும் சரிந்த பிறகுதான் அசைவு ஏற்பட்டது.

---

மோர்தானா வாசகி (குடியாத்தம்)

தம்பி ஆம்பூரான் வெற்றிகளை மட்டும் அடுக்கியிருக்கிறார். நம் நாட்டில் நடந்த இரண்டு நிகழ்வுகளை நினைவூட்டுகிறேன். அவை கேம் அல்ல, கைபேசிச் செயலிகள். ஆனால் இயங்கிய விதம் ஒன்றே.

2017 ஏப்ரலில், ஸ்னாப்சாட்டின் தலைவர் இந்தியாவை ஏழை நாடு என்று இழிவாகப் பேசியதாக அந்நிறுவனத்தின் முன்னாள் ஊழியர் ஒருவர் வழக்கில் குற்றம் சாட்டிய செய்தி பரவியது. நிறுவனம் அதை மறுத்தது. கோபம் கொண்ட நம்மவர்கள் ஒற்றை நட்சத்திரங்களை அள்ளி வீசினார்கள். அவற்றில் ஏராளமானவை எந்தத் தொடர்பும் இல்லாத இந்திய நிறுவனமான ஸ்னாப்டீல் மீது விழுந்தன. பெயரின் முதல் பாதி ஒன்றாக இருந்ததைத் தவிர ஸ்னாப்டீல் எந்தத் தவறும் செய்யவில்லை. 2020 மே மாதத்தில் டிக்டாக் செயலியின் மதிப்பீடு சில நாட்களில் ஒன்றுக்கு அருகில் வந்தது. கூகுள் பல லட்சக்கணக்கான மதிப்புரைகளை நீக்கியதும் அது பழையபடி ஏறிவிட்டது. இதனால் நுகர்வோர் எவருக்கு என்ன கிடைத்தது?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2020 ஜூனில் தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகம் வெளியான அன்றே, மதிப்புரைகளைத் திரட்டிக் காட்டும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் அதன் பயனர் மதிப்பெண் அடிமட்டத்துக்குப் போனது. இருபது மணி நேரத்துக்கு மேல் நீளும் கதையைச் சில மணி நேரத்தில் எப்படி முடித்தார்கள்? அந்தத் தளத்தில் கேமை வாங்காமலேயே மதிப்பெண் தரலாம். கதையின் போக்கு பிடிக்கவில்லை என்பது ஒரு கருத்து. அதை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு பெண் கதாபாத்திரத்தின் உடற்கட்டையும், மற்றொருவரின் காதலையும் இழித்து எழுதியவை அங்கே எண்ணற்றவை. பின்னர் அந்தத் தளம், கேம் வெளியாகி 36 மணி நேரம் கழித்தே பயனர்கள் எழுத முடியும் என்று விதி வைத்தது. பெண்கள் இந்தப் பொழுதுபோக்குக்குள் வரும்போது முதலில் பார்ப்பது அந்தப் பக்கங்களைத்தான். என் மகள் ஒரு கேமை வாங்கலாமா என்று பார்க்கும்போது, அவள் பிறப்பையே குறை கூறும் வரிகளைக் கடந்துதான் பொருளின் குறையைத் தேட வேண்டியிருக்கிறது. இதை நுகர்வோர் எதிர்ப்பு என்ற பெயருக்குள் சேர்க்க நான் ஒருபோதும் உடன்பட மாட்டேன்.

---

காட்பாடி ஜங்ஷன்

வாசகி அவர்கள் எழுதியதில் ஒரு சொல்லையும் மாற்றத் தேவையில்லை. இதைத் தடுக்கத் தளங்கள் செய்தவற்றையும், அவற்றில் எனக்குள்ள உடன்பாட்டையும் முரண்பாட்டையும் சொல்கிறேன்.

ஸ்டீம் மதிப்புரையில் ஒரு நல்ல அடிப்படை உண்டு. கேம் கணக்கில் இருப்பவர் மட்டுமே எழுத முடியும். எத்தனை மணி நேரம் ஆடினார் என்பதும் அருகில் தெரியும். 2016இல் அண்மைய மதிப்புரைகளைத் தனியாகவும் மொத்தத்தைத் தனியாகவும் காட்டத் தொடங்கினார்கள். ஃபயர்வாட்ச் நிகழ்வை அடுத்து, எந்த நாளில் எவ்வளவு எதிர்மறை வந்தது என்று காட்டும் வரைபடம் வந்தது. 2019 மார்ச்சில் வால்வ் மேலும் ஒரு படி சென்றது: திடீர்க் குவிப்பைக் கணினி கண்டறியும், ஊழியர் குழு ஒன்று அதை ஆராயும், பொருளுக்குத் தொடர்பற்றது என்று கருதினால் அந்தக் காலத்து மதிப்புரைகள் மதிப்பெண்ணில் சேராது. எழுதியவை அழிக்கப்படுவதில்லை, விரும்புபவர் அவற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட மதிப்பெண்ணைப் பார்க்கலாம். மறு மாதமே, பார்டர்லேண்ட்ஸ் 3 முதலில் ஸ்டீமின் போட்டியான எபிக் கடையில் மட்டும் வரும் என்ற கோபத்தில் பல ஆண்டு பழைய பார்டர்லேண்ட்ஸ் 2 மீது விழுந்த மதிப்புரைகளுக்கு இந்த விதி பயன்பட்டது. அது மிகச் சரியான பயன்பாடு. புதிய கேம் எந்தக் கடையில் விற்கப்படுகிறது என்பதற்கும், பழைய கேமின் தரத்துக்கும் என்ன உறவு?

ஆனால் அதே அறிவிப்பில், காப்புக் கட்டுப்பாடு, உரிம ஒப்பந்த மாற்றம் ஆகியவை பற்றிய புகார்களையும் தொடர்பற்றவை என்றே கருதப் போவதாக வால்வ் எழுதியது. பெரும்பாலான ஆட்டக்காரர்கள் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஒரு கேமை எத்தனை கணினியில் நிறுவலாம், எந்தக் கணக்கைக் கொடுத்தால் ஆடலாம் என்பது அந்தப் பொருளின் தன்மையைச் சேர்ந்தது. பொதுவாக 30 சதவீதம் பங்கு எடுக்கும் கடைக்காரரே, எந்தப் புகார் பொருளைப் பற்றியது என்று தீர்ப்பும் சொல்கிறார். உருவாக்குபவன் என்ற முறையில் இந்த ஏற்பாடு எனக்குப் பாதுகாப்புத் தருகிறது. வாங்குபவன் என்ற முறையில் அச்சம் தருகிறது.

ஆக, எதிர்ப்பையே தடை செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பரிந்துரைக்கிறேன், பரிந்துரைக்கவில்லை என்ற இரண்டே பொத்தான்களுக்குள் "கேம் அருமை, வெளியீட்டாளர் ஏமாற்றுகிறார்" என்பதைச் சொல்ல இடமில்லாததே கோளாறு என்கிறேன். வெளியீட்டாளரின் நடத்தைக்குத் தனி மதிப்பெண் இருந்தால் இந்த இழையின் பாதிக்குத் தேவையே இருந்திராது.

---

பாலாற்றங்கரை

அனைவருக்கும் நன்றி. டிவோஷன் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

டிவோஷனை வாங்கிய சீன ஆட்டக்காரர், அந்த ஒரு தாளைத் தவிர, தாம் கேட்ட கேமைப் பெற்றார். விற்ற பிறகு அவரிடமிருந்து எதுவும் பறிக்கப்படவில்லை. அவருக்கு மன வருத்தம் ஏற்பட்டிருக்கலாம். அதை எழுதவும் அவருக்கு உரிமை உண்டு. ஆனால் தாள் நீக்கப்பட்டு மன்னிப்பும் வந்த பிறகு அந்த எதிர்ப்பு எதைக் கேட்டது? கேட்பதற்கு ஒன்றுமில்லாத நிலையில் அது தொடர்ந்தது. நிறைவேற்றக்கூடிய ஒரு கோரிக்கை இல்லாத எதிர்ப்பு, எதிரியின் அழிவைத் தவிர வேறு எதிலும் முடியாது. ஃபயர்வாட்ச்சிலும் இதே நிலைதான். மாறாக, கணக்கு இணைப்பைக் கைவிடு என்பது ஒரே வரியில் சொல்லக்கூடிய கோரிக்கை. அது நிறைவேறியதும் கணிசமானோர் தம் மதிப்புரையைத் தாமாகவே சாதகமாக மாற்றினார்கள். ஆரோஹெட்டின் அப்போதைய தலைவர் யோஹான் பிலெஸ்டெட் அந்தச் சரிவு வரைபடத்தை கேமுக்குள் ஒரு மேலங்கியின் வடிவமாகவே ஆக்க முன்வந்தார். கணக்கு இணைப்பை வெளியீட்டின்போது தளர்த்தியது தம் முடிவுதான் என்றும், அது கட்டாயமாகும் என்பது மாதங்கள் முன்பே தமக்குத் தெரியும் என்றும் அவர் பொதுவெளியில் எழுதினார். ஆகவே காட்பாடி அண்ணன் சொன்னது போல உருவாக்கியவர்கள் முற்றிலும் தொடர்பற்றவர்கள் என்று கொள்ள முடியாது. வாங்கியவர்களுக்கும் அது முன்பே தெளிவாகத் தெரிவிக்கப்பட்டிருக்க வேண்டும்.

வழக்கறிஞர் அம்மா எழுப்பிய தயக்கத்துக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. விசாரணைக்கு முன்பே தண்டனை வருகிறது என்பது உண்மை. ஆனால் மதிப்புரைத் தண்டனை திரும்பப் பெறக்கூடியது. 2016 ஆகஸ்டில் நோ மேன்ஸ் ஸ்கை வாக்களித்தவற்றில் பல இல்லாமல் வெளிவந்து எதிர்மறைகளில் மூழ்கியது. உருவாக்கியவர்கள் ஆண்டுக்கணக்கில் இலவசமாக மேம்படுத்தினார்கள். 2024 நவம்பரில் மொத்த மதிப்பெண்ணே "மிகவும் சாதகமான" வகைக்கு ஏறியது. அந்தப் பெரிய கேமுக்கு எட்டு ஆண்டு தாங்க முடிந்தது, தொண்ணூறு பேரால் விழும் சிறிய கேமுக்குத் தாங்க முடியாது என்பதையும் ஏற்கிறேன். அதனால்தான் சிறிய நிறுவனத்தின் கேம் என்றால், முதலில் அவர்களுடைய விவாதப் பக்கத்தில் எழுதிப் பதிலுக்குக் காத்திருப்பது நம் கடமை என்று கருதுகிறேன். சிறு நிறுவனங்களில் பெரும்பாலும் உருவாக்கியவரே நேரில் பதில் எழுதுகிறார். டொராண்டோவில் சிலர் சேர்ந்து நம் சமையலையும் தமிழ்க் குடும்பத்தையும் வைத்து உருவாக்கிய வெண்பா கேம் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அத்தகைய ஒன்றை எடை போடும்போதும் சோனியை எடை போடும்போதும் ஒரே ஆவேசம் கூடாது.

எனவே என் நிலைப்பாடு இப்படி விரிகிறது: வாங்கியிருக்க வேண்டும், பொருளைப் பற்றியதாக இருக்க வேண்டும், கோரிக்கை என்னவென்று எழுதியிருக்க வேண்டும், குறை தீர்ந்ததும் மதிப்புரையை மாற்ற வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் நம் குழுவில் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

---

பனைநிழல்

அண்ணா, நீங்கள் கடைசியாகச் சொன்னதில் ஒரு கேள்வி. குறை தீர்ந்ததும் மாற்ற வேண்டும் என்கிறீர்கள். யாருக்குத் தீர்ந்தால்?

மே 6ஆம் தேதி சோனி கட்டாயத்தைக் கைவிட்டது. ஏற்கெனவே வாங்கியவர்கள் தொடர்ந்து ஆட முடிந்தது. ஆனால் விற்பனை நிறுத்தப்பட்ட நாடுகளில் கேம் உடனே கடைக்குத் திரும்பவில்லை. மாதக்கணக்கில் அப்படியே இருந்தது. அதே மாதம் சோனியின் கோஸ்ட் ஆஃப் சுஷிமா கணினிக்கு வந்தபோது, தனியாக ஆடக் கணக்கே தேவையில்லாத அந்த கேமும் அதே நாடுகளில் விற்கப்படவில்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் இருப்பவர்கள் வெற்றி என்று கொண்டாடித் தம் மதிப்புரைகளை மாற்றிக்கொண்டார்கள். எங்கள் நாடுகளின் பெயரைச் சொல்லித் தொடங்கிய எதிர்ப்பு, எங்கள் நாடுகளின் கதவு மூடியிருக்கும்போதே முடிந்துவிட்டது.

நான் யாரையும் குறைகூறவில்லை. அந்த இரண்டு லட்சம் பேர் எழுதியிராவிட்டால் வாங்கியவர்களும் கேமை இழந்திருப்பார்கள். ஆனால் கூட்டம் எப்போது கலைய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது, அதிகம் பாதிக்கப்பட்டவர் அன்று. அதிக எண்ணிக்கையில் இருப்பவர். இந்த வழியின் குறை என்று நான் கருதுவது இதைத்தான்.

---

கோட்டை மைதானம்

பனைநிழல் குறிப்பிட்டது மிக முக்கியமானது. நுகர்வோர் சட்டத்தில் ஒரே நலன் கொண்ட பலருக்காகச் சிலர் அனுமதி பெற்றுப் புகார் தரலாம். அங்கேயும் எதிர்த்தரப்போடு சமரசம் செய்யும்போது, சிலர் மட்டும் பயன்பெற்று மற்றவர் கைவிடப்படும் ஆபத்து உண்டு. அதனால்தான் அத்தகைய வழக்கைத் திரும்பப் பெறவோ சமரசம் செய்யவோ மற்றவர்களுக்கு அறிவிப்பு தர வேண்டியிருக்கிறது. மதிப்புரைப் பக்கத்தில் அந்த அறிவிப்பை யார் தருவார்?

---

காட்பாடி ஜங்ஷன்

2025 ஆகஸ்டில் வால்வ் மொழிவாரி மதிப்பெண்ணைக் கொண்டுவந்தது. ஒரு மொழியினரின் கோபம் மற்ற மொழியினர் பார்க்கும் மதிப்பெண்ணைக் குலைக்காமல் இருக்க அது உதவுகிறது. டிவோஷன் காலத்தில் இருந்திருந்தால் சிறிதேனும் பயன்பட்டிருக்கும். ஆனால் பனைநிழல் சொல்லும் சிக்கலை அது மேலும் கூர்மையாக்கும். சிறிய மொழியினரின் குறை இனி அந்த மொழியினரின் மதிப்பெண்ணோடு நின்றுவிடலாம்.

இருந்தாலும், தம்பி, விற்பனை திரும்பும்வரை எல்லோரும் எதிர்மறையை வைத்திருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். விற்பனை நாடுகளைத் தீர்மானிப்பது ஆரோஹெட்டின் கையில் இல்லை. அவர்கள் தம்மால் முடிந்ததைச் செய்த பிறகும் மாதக்கணக்கில் அந்த மதிப்பெண்ணைச் சுமக்க வைப்பது நியாயமாகாது.

---

பாலாற்றங்கரை

அண்ணா, இந்த இடத்தில் நான் உங்களோடு உடன்படவில்லை. மதிப்புரையைப் படிப்பவர் வாங்கப் போகிறவர். யாழ்ப்பாணத்தில் இருக்கும் நண்பரோடு சேர்ந்து ஆடலாம் என்று நினைத்து ஆம்பூரில் ஒருவர் இதை வாங்குகிறார் என்றால், அந்த நண்பரால் வாங்கவே முடியாது என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும். நால்வர் சேர்ந்து ஆடுவதற்கென்றே உருவாக்கிய கேம் இது. கதவு மூடியிருந்த மாதங்கள் முழுவதும், அது எந்த நாடுகளில் விற்கப்படவில்லை என்பது பொருளைப் பற்றிய உண்மையாகவே இருந்தது. அதை எழுதி வைத்த மதிப்புரை, சோனி பின்வாங்கியதால் மட்டும் காலாவதியாகிவிடவில்லை.

பொத்தானை எந்தப் பக்கம் வைப்பது என்பதில் நாம் வேறுபடலாம். சாதகமாக மாற்றுபவரும் "இணைப்புக் கட்டாயம் நீங்கியது, இலங்கை உள்ளிட்ட நாடுகளில் விற்பனை இன்னும் தொடங்கவில்லை" என்ற வரியைத் தேதியோடு விட்டுவைத்திருக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. பெரும்பாலானோர் மாற்றும்போது பழைய எழுத்தை முழுவதும் அழித்துவிட்டார்கள்.

---

காட்பாடி ஜங்ஷன்

தேதியோடு கூடிய அந்த வரிக்கு எனக்கு எந்த மறுப்பும் இல்லை. பொத்தான் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை.